வெயில் எட்டாத அறையில்

ஒரு பங்குக் குரு பூந்தொட்டிகளைப் பற்றி எழுதுவானேன் என்று வாசகர் சிலர் வினவக்கூடும். வினா நியாயமானதே. நாம் தோட்டக்கலை பயின்றவர் அல்லோம். குருமடத்தில் இருந்த நாள்களில் நமக்கு இடப்பட்ட தோட்டவேலை கத்தரிப் பாத்திக்கு நீர் பாய்ச்சுவது ஒன்றே. அதிலும் நீர் மிகுந்து வேரழுகிய பாத்தி நம்முடையதே என்று தோட்டப் பொறுப்பாளர் பலமுறை எல்லார் முன்னிலையிலும் அறிவித்ததுண்டு. ஆயினும் இரண்டாண்டுக் காலம் ஐந்து ஆர்க்கிட் செடிகள் நம் பொறுப்பில் இருந்தன. அவற்றுள் ஒன்று நம் உறக்கத்தையும் கெடுத்தது. பங்கு இல்லத்தின் சன்னலில் தெரிந்த வெளிச்சத்தைக் கண்டு காரணம் கேட்டவர் அநேகர். அவர்களுக்குத் தனித்தனியே விடையளிப்பதைவிட இங்கு எழுதிவிடுவது எளிது.

தாம்பரத்தை அடுத்துள்ள நம் பங்கில் ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியை ஒருவர் உண்டு. ஊரில் பாதிப்பேருக்கு அவர் டீச்சரம்மா. அவருடைய கணவர் 2021 சனவரியில், தங்கள் திருமணத்தின் நாற்பதாம் ஆண்டு நிறைவன்று, ஆர்க்கிட் ஒன்றைப் பூத்த நிலையிலேயே வாங்கிவந்து மனைவியிடம் கொடுத்தார். வெள்ளை மலர்கள் ஒன்பது. வாழ்நாளில் மனைவிக்குப் பூச்சரத்தைத் தவிர வேறு பூ வாங்கியறியாத மனிதர் அவர். அவ்வாண்டு மே மாதம், கொரோனாவின் இரண்டாம் அலையில் காலமானார். கல்லறைக்கு நம்மோடு வந்தவர் நால்வர் மட்டுமே. அன்று மாலை அவ்வீட்டிற்குச் சென்றபோது, முன்னறை மேசைமீது கடைசி மலர் ஒன்று இன்னும் உதிராமல் இருந்ததைக் கண்டோம்.

அதன்பின் அச்செடி பூக்கவேயில்லை. டீச்சரம்மா அதற்குத் துணையாக இன்னும் நான்கு தொட்டிகள் வாங்கிவைத்தார். 2023 பிப்ரவரியில், கனடாவில் இருக்கும் மகனுக்குக் குழந்தை பிறக்கவிருந்தமையால் புறப்பட வேண்டியதாயிற்று. ஐந்து தொட்டிகளையும் ஆட்டோவில் ஏற்றிவந்து நம் வராந்தாவில் இறக்கினார்.

“ரெண்டு வருஷம் ஆகும் சாமி. பூக்கணும்னு நான் கேக்கல. உயிரோட இருந்தாப் போதும்.”

நாம் ஒப்புக்கொண்டோம். வேறென்ன செய்வது? பங்குக் குருவின் வீட்டில் ஒப்படைக்கப்படும் பொருள்கள் பலவகை. அடகுச் சீட்டையும், ஊர் சென்றவர்களின் வீட்டுச் சாவியையும், ஒருமுறை ஒரு கிளியையும்கூட நாம் காத்ததுண்டு.

நம் பங்கு இல்லத்தின் நிலையை இவ்விடத்தில் கூறுவது அவசியம். முற்றத்தில் முன்னொரு காலம் பெரிய தூங்குமூஞ்சி மரம் நின்றது. 2016 டிசம்பர் 12-ஆம் நாள் வர்தா புயல் அதைச் சாய்த்தது. அன்று சென்னையின் தென்புறத்தில் சாய்ந்த மரங்களை எண்ணியவர் யார்! மரம் நின்றிருந்தால் ஆர்க்கிட்டுக்கு அதைவிடச் சிறந்த இடம் வேறு இராது. இலைகளினூடே வடிகட்டி இறங்கும் வெயிலே அச்செடிகள் வேண்டுவது. மரம் போனபின் கிழக்கிலும் மேற்கிலும் அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுந்தன. இப்போது நம் அறைகளுக்குள் சூரியன் நேரே நுழைவது ஆண்டில் சில வாரங்கள் மட்டுமே. மாடித்தளத்திலோ நேர்மாறு, மே மாதத்தில் வெறுங்காலுடன் ஏறினால் திரும்பி ஓடிவர வேண்டியதுதான்.

இதில் ஒரு விந்தை உண்டு. டாக்டர் சவுரிமுத்து 1928-இல் இதே தாம்பரத்தில் காசநோயாளருக்கான சானடோரியத்தை நிறுவியபோது, நோயாளர்க்குத் தாராளமான காற்றும் வெளிச்சமும் வேண்டும் என்பதே அக்கால மருத்துவரின் நம்பிக்கை. அவற்றைத் தேடி இங்கு மக்கள் வந்தனர். சானடோரியம் என்னும் ரயில் நிலையத்தின் பெயரில் அந்த நினைவு இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவ்வூரில் ஒரு செடிக்கு வெளிச்சம் தேடி நாம் அலைந்தோம்.

முதல் பிழையை நாமே செய்தோம். பூச்செடியென்றால் வெயில் வேண்டும் என்று எண்ணி, ஐந்தையும் மாடித்தளத்தில் வைத்தோம். இரண்டே நாளில் டீச்சரம்மாவின் முதற் செடியின் மேலிலை ஒன்றில் உள்ளங்கையளவு வெளிறி, பிறகு கறுத்துக் காய்ந்தது. சுட்ட வடு அது, ஆறாது. அவ்விலை விழும்வரை அந்த வடுவை நாள்தோறும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அஞ்சி அவற்றை நம் வாசிப்பறைக்குள் கொண்டுவந்தோம். அங்கே சில மாதங்களில் இலைகள் கரும்பச்சையாயின. என்ன செழிப்பு என்று மகிழ்ந்தோம்; வந்தவர்களிடம் காட்டிப் பெருமையும் கொண்டோம். ஆர்க்கிட் வளர்ப்போர் அறிந்த உண்மை வேறு. நலமுள்ள இலை இளம்புல்லின் நிறத்தில் இருக்கும். இலை கரும்பச்சையாவது பசியின் அடையாளம். கிடைக்கும் சிறிதளவு ஒளியையேனும் பற்றிக்கொள்ளச் செடி பச்சையத்தைப் பெருக்கிக்கொள்கிறது. நாம் செழிப்பு என்று கண்டது பட்டினியை.

இதை நமக்குக் காட்டியவன் நம் பங்கு இளைஞன் ஒருவன். மின்பணியாளன். கிறிஸ்துமஸ் குடிலுக்கு விளக்கிடுவது ஆண்டுதோறும் அவன் பொறுப்பு. அவன் தன் கைப்பேசியில் ஒளியளக்கும் செயலியை இறக்கி, நண்பகலில் நம் மேசைமீது வைத்தான். லக்ஸ் என்னும் அளவையில் நூற்றைம்பது காட்டியது. பின்பு மாடித்தளத்திற்கு ஏறினோம். அங்கு ஏறத்தாழ ஒரு லட்சம்.

“ஃபாதர், நம்ம ரூம் வெளிச்சமாத்தானே தெரியுது?” என்று அவனே வியந்தான்.

கண் நம்மை ஏமாற்றுகிறது. இருளில் பாவை விரிந்தும், வெயிலில் சுருங்கியும், விழித்திரையின் உணர்வு கூடியும் குறைந்தும், அறுநூறு மடங்கு வேறுபாட்டையும் சற்றேறக்குறைய ஒன்றுபோலக் காட்டிவிடுகிறது. இலைக்கு அத்தகைய தந்திரம் இல்லை. அதற்குக் கிடைப்பது கிடைப்பதுதான். டீச்சரம்மாவின் செடி ஃபெலனாப்சிஸ் என்னும் இனத்தது. கிரேக்கத்தில் அந்துப்பூச்சியைப் போன்றது என்று பொருள். குருமடத்தில் கற்ற கிரேக்கம் இதற்காவது பயன்பட்டது. ஆர்க்கிட்டுகளுள் குறைந்த ஒளியில் நிறைவடைவனவற்றுள் அதுவும் ஒன்று. அதற்கும் பத்தாயிரம் முதல் பதினைந்தாயிரம் லக்ஸ் வேண்டும் என்பர். நாம் கொடுத்ததோ நூற்றைம்பது.

“குடில் லைட் மூட்டைல இருக்கு ஃபாதர். மாட்டிப் பாக்கலாமா?”

இப்படித்தான் நம் வாசிப்பறைக்குள் எல்.ஈ.டி. பட்டை விளக்கு நுழைந்தது. அறியாதார்க்குச் சொல்வோம்: விரற்கடை அகலமுள்ள நாடா ஒன்றில் அரிசிமணி போன்ற விளக்குகள் வரிசையாக ஒட்டப்பட்டிருக்கும். ஐந்து மீட்டர் ஒரு சுருள். வீட்டு மின்சாரத்தின் 230 வோல்ட்டை 12 வோல்ட்டாக இறக்கும் பெட்டி ஒன்று இதற்கு வேண்டும். மும்மூன்று விளக்குகளாக இணைத்திருப்பதால், கோடிட்ட இடங்களில் கத்தரிக்கோலால் வெட்டிக்கொள்ளலாம். பின்புறம் பசை உண்டு. நகைக்கடைக் கண்ணாடிப் பேழைகளிலும், திருமண மண்டபங்களிலும், ஆட்டோக்களிலும் ஒளிர்வது இதுவே.

குடில் விளக்கு போதவில்லை. மீட்டருக்கு ஐந்து வாட்டும் எட்டாத மெல்லிய நாடா அது. நான்கடி நீளமும் ஒன்றரையடி அகலமும் கொண்ட பழைய புத்தக அலமாரித் தட்டின்மேல் சுருள் முழுவதையும் வளைத்து ஒட்டியும், ஓரடி கீழே இரண்டாயிரம் லக்ஸைத் தாண்டவில்லை. தவிர, ஒரு முனையில் மட்டும் மின்சாரம் கொடுத்தமையால் மறுமுனை மங்கிற்று. செம்பு இழை மெல்லியதாகையால் வழியிலேயே வோல்ட் குறைந்துவிடுகிறது. பலகையில் ஒட்டிய பசையும் சூட்டில் இளகி, ஒருநாள் இரவு நாடா முழுவதும் செடிகளின்மேல் சரிந்து கிடந்தது. அதை எடுத்துச் சரிசெய்தபின் நமக்கும் அத்தம்பிக்கும் இதில் ஒரு பிடிவாதம் பிறந்துவிட்டது.

இருவரும் மின்சார ரயிலேறிப் பட்டணம் சென்று ரிச்சி தெருவில் இறங்கினோம். மின்னணுப் பொருள்களுக்கு அத்தெருவைப் போல் வேறில்லை. அந்நெரிசலில் வெள்ளை அங்கியோடு நடப்பது மட்டும் சிறிது சிரமம். கடைக்காரர் ஒருவர், செடிக்கென்றால் ஊதா விளக்குத்தான் என்று அடித்துச் சொன்னார். சிவப்பும் நீலமும் கலந்த நாடா. பச்சையம் அவ்விரு நிறங்களையே மிகுதியாக ஈர்க்கும் என்பது உண்மை. பள்ளிப் பாடநூலிலும் உண்டு. வாங்கிவந்து மாட்டினோம்.

அன்று மாலை செபமாலைக்கு வந்த மூதாட்டி ஒருவர் சன்னலைப் பார்த்து நின்றுவிட்டார். “சாமி, உள்ள என்ன, சினிமா எடுக்குறாங்களா?” மறுவாரம் பங்குப் பேரவையிலும் அப்பேச்சு எழுந்தது. நாம் அதைப் பொருட்படுத்தவில்லை. ஆனால் ஊதா ஒளியில் எல்லா இலைகளும் ஒரே கருமையாய்த் தெரிந்தன. அதனால் இலைக்கணுக்களில் மாவுப்பூச்சி அடைந்திருந்ததை மூன்று வாரம் நாம் காணவேயில்லை. ஒருநாள் தொட்டியைச் சன்னலருகே தூக்கிச் சென்றபோதே வெள்ளைத் துகள் கண்ணில் பட்டது. கொரோனாக் காலத்தில் கோயில் வாசலில் வைத்து மிஞ்சியிருந்த கிருமிநாசினியைப் பஞ்சில் தொட்டு ஒவ்வொரு கணுவாகத் துடைத்தோம். ஊதா நாடாவை அன்றே கழற்றினோம்.

வெள்ளை எல்.ஈ.டி.யே போதும் என்பதைப் பின்னர் அறிந்தோம். உண்மையில் அது நீல விளக்கேயாகும். நீல ஒளியின் ஒரு பகுதி, மேலே பூசிய மஞ்சள் பூச்சில் பட்டு மற்ற நிறங்களாக மாற, எல்லாம் கூடி வெள்ளையாகத் தெரிகிறது. ஒளிமிக்க நீல எல்.ஈ.டி.யைச் செய்யும் வழி நெடுங்காலம் அகப்படவில்லை. அதைக் கண்ட அகாசாகி, அமானோ, நகமுரா ஆகிய மூவருக்கும் 2014-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு அளிக்கப்பட்டது. அவ்வெள்ளையில் செடிக்கு வேண்டிய சிவப்பும் நீலமும் உண்டு. பச்சை ஒளியிலும் பெரும்பங்கை இலை உண்ணவே செய்கிறது. எல்லாவற்றிற்கும் மேலாக, செடி எப்படியிருக்கிறது என்பதை நாம் பார்க்க முடிகிறது.

இம்முறை தம்பி செய்த வேலை செம்மையானது. மீட்டருக்குப் பத்து வாட் அளவுள்ள அடர்ந்த நாடா. சன்னல் வேலை செய்வோரிடம் மிஞ்சிய அலுமினியச் சட்டங்களை நான்கடி நீளத்திற்கு வெட்டி, எட்டு வரிசையாக நிறுத்தி, அவற்றின்மீது நாடாவை ஒட்டினான். அலுமினியம் சூட்டை வாங்கிப் பரப்பிவிடுவதால் பசையும் இளகாது, விளக்கின் ஆயுளும் குறையாது. ஒவ்வொரு வரிசைக்கும் தனித்தனியே மின்கம்பி இழுத்தமையால் எந்த மூலையும் மங்கவில்லை. ஓரடி கீழே கைப்பேசி பத்தாயிரத்துச் சொச்சம் காட்டியது. நாம் கைதட்டியே விட்டோம்.

ஒரு எச்சரிக்கை. 12 வோல்ட் நாடா தொட்டாலும் துன்பமில்லை. அதற்கு மின்சாரம் தரும் பெட்டியின் மறுபக்கத்தில் 230 வோல்ட் உள்ளது. செடிக்கு நீர் தெளிக்கும் இடமாதலால், பெட்டியைத் தெளிப்புக்கு எட்டாத உயரத்தில் வைப்பதும், மின்கசிவு நேர்ந்தால் தானே துண்டிக்கும் சாதனத்தைப் பொருத்துவதும் கட்டாயம். இவ்வேலையைச் சிறுவர் கையில் விடலாகாது.

செலவைப் பற்றியும் மறைக்காமல் சொல்வோம். பன்னிரண்டு மணி நேரம் எரிந்தால் நாளொன்றுக்கு ஒன்றேகால் யூனிட். மாதம் ஏறத்தாழ நாற்பது. பங்கின் நிதிக்குழுவில் ஒருவர், அக்கணக்கு எந்தத் தலைப்பில் எழுதப்படுகிறது என்று வினவினார். கேட்டது முறையே. அன்றிலிருந்து அத்தொகையை நம் சொந்தப் பணத்தினின்று தனியே செலுத்தினோம். ஐந்து தொட்டிக்கு இது அதிகம் என்பதில் ஐயமில்லை. சன்னலோர வெளிச்சமோ, நிழல்வலை கட்டிய மாடியோ உள்ளவர்கள் இவ்விளக்கை நாட வேண்டியதேயில்லை.

ஐந்து தொட்டிகள் என்றோம். அவற்றுள் மூன்றை இவ்விளக்கின்கீழ் வைத்தது தவறு என்பது சில மாதங்களில் புலனாயிற்று. இரண்டு டென்ட்ரோபியம், ஒரு வாண்டா. டென்ட்ரோபியம் புதுத்தண்டுகளை விட்டது; ஆனால் அவை மெலிந்து, நீண்டு, நிற்கவியலாமல் சாய்ந்தன. அவ்வினங்கள் கேட்கும் ஒளி ஃபெலனாப்சிஸுக்கு வேண்டியதைப்போல் இருமடங்கும் அதற்கு மேலும். வாண்டாவின் உறவினம் ஒன்று நம் சமவெளிக் காடுகளிலேயே மரக்கிளைகளைப் பற்றிக்கொண்டு, கோடையைத் தாங்கி, தானே பூக்கிறது; மதுராந்தகத்துப் பக்கம் கிராமமொன்றில் புளியமரத்தில் அதைக் கண்டிருக்கிறோம். அத்தகையதைப் புத்தக அலமாரியில் பூட்டிவைப்பானேன்? அருகிலுள்ள கன்னியர் இல்லத்து மாடியில் கீரைக்கெனப் பாதி வெயிலை மறைக்கும் வலை கட்டியிருந்தனர். மூன்றையும் அங்குத் தொங்கவிட்டோம். டென்ட்ரோபியம் அவ்வாண்டே பூத்தது. “எங்ககிட்ட வந்ததும் பூத்துடுச்சு பாருங்க ஃபாதர்” என்று சகோதரிகள் இன்றும் சொல்லிக்காட்டுகின்றனர்.

மீந்தவை ஃபெலனாப்சிஸ் இரண்டு. அவற்றிற்கு விளக்கு ஒத்துவந்தது. இலை வெளுத்து இளம்பச்சையாயிற்று. புதிய இலைகள் விரிந்தன. வெள்ளி நிற வேர்கள் தொட்டியின் விளிம்பைத் தாண்டி வெளியே நீண்டன. நனைந்தால் அவை பச்சையாகும். காய்ந்தால் மீண்டும் வெள்ளியாகும். எப்போது நீர் ஊற்ற வேண்டும் என்பதை வேரே சொல்லிவிடுவதால், கத்தரிப் பாத்தியை அழுகவைத்த நமக்கும் பிழைக்க வழி கிடைத்தது. நம் பகுதியின் ஆழ்குழாய் நீர் உப்புநீர். வேரில் வெள்ளைப் பொருக்குப் படியும். ஆகையால் மழைநீரையே பிடித்துவைத்து ஊற்றினோம்.

இடையில் ஒரு தவறு. அதிக ஒளி அதிக நன்மை என்று கருதி, ஒரு மாதம் இரவும் பகலும் விளக்கை எரியவிட்டோம். வளர்ச்சி நின்றது. இச்செடிகளின் மூச்சு நம் முருங்கை, வாழையைப் போன்றதன்று. மரக்கிளையில் தொற்றி வாழ்வனவாதலால் நீரைச் சிக்கனப்படுத்தப் பகலில் இலைத்துளைகளை மூடிக்கொள்ளும். இரவின் குளிர்ச்சியில் திறந்து கரியமில வாயுவை வாங்கி, அமிலமாக்கிச் சேமித்து, மறுநாள் வெளிச்சத்தில் அதைச் சமைத்து உண்ணும். இரவே இல்லாதபோது அது எப்போது வாங்கும்? தானே எரிந்து தானே அணையும் கடிகாரச் சொடுக்கி ஒன்றை அமைத்து, காலை ஆறு முதல் மாலை ஆறுவரை என்று ஒழுங்குபடுத்தினோம்.

கனடாவிலிருந்து டீச்சரம்மா மாதம் ஒருமுறை அழைப்பார். பேரன் தவழ்கிறான், நிற்கிறான், பனியில் விழுந்தான் என்பார். கடைசியில் குரல் தாழ்த்தி, “செடி எப்படியிருக்கு சாமி?” என்பார். பூத்ததா என்று ஒருபோதும் கேட்டதில்லை. கேளாமையே நமக்குப் பாரமாயிற்று. “நலமாயிருக்கிறது, புது இலை விட்டிருக்கிறது” என்று சொல்வோம். பொய்யன்று. ஆனால் அவர் அறிய விரும்பியது அதுவன்று என்பதை இருவரும் அறிவோம்.

2023 டிசம்பர் வந்தது. மிக்ஜாம் புயலில் நம் பகுதியில் இரண்டு நாள் மின்சாரம் இல்லை, விளக்கும் எரியவில்லை. செடிக்கு ஒன்றும் நேரவில்லை. பூவும் வரவில்லை. 2024-இன் கோடையில் இலைகள் ஆறாகி, ஒவ்வொன்றும் ஒரு சாண் நீண்டு, எவரும் போற்றத்தக்க செடியாய் நின்றது. பூத்தண்டு மட்டும் இல்லை. நாற்பது யூனிட் மின்சாரத்தில் இலை வளர்க்கிறோம் என்று நம்மையே கடிந்துகொண்டோம்.

அவ்வாண்டு சேர்வராயன் மலையில் பணிபுரியும் நம் வகுப்புத் தோழரான குருவைக் காணச் சென்றோம். ஏற்காட்டில் இந்தியத் தாவர மதிப்பாய்வு நிறுவனத்தின் ஆர்க்கிட் தோட்டம் இருப்பதை வாசகர் பலர் அறிந்திருப்பர். தோழர் அதன் அயலில் பழகிப் பழகிச் சிறிது கற்றவர். நம் சபைக் குருக்களுக்குச் செடிகளோடு உள்ள உறவு பழையதே. கொடைக்கானலுக்கு அருகில் செண்பகனூரில் இயேசு சபையார் 1895-இல் தொடங்கிய அருங்காட்சியகத்தையும், அங்கிருந்த ஆர்க்கிட் செடிகளையும் குருமட நாள்களில் சுற்றுலா சென்று கண்டிருக்கிறோம். அன்று நம் கவனம் மதிய உணவின்மேல் இருந்தது. திருச்சி தூய வளனார் கல்லூரியில் 1967-இல் ராபினாட் தாவரச் சேகரத்தை நிறுவிய அருட்தந்தை கே. எம். மேத்யூ, தமிழ்நாட்டுச் சமவெளிகளின் தாவரங்களைக் காடுமேடெல்லாம் நடந்து தொகுத்தார். 1981 முதல் 1988 வரை வெளிவந்த தொகுதிகள் ஆய்வாளர் கையில் இன்றும் உள்ளன. அத்தகையோரிடம் கேட்டிருந்தால் நம் ஐயம் ஒரு நிமிடத்தில் தீர்ந்திருக்கும்.

தோழர் வராந்தாவில் ஃபெலனாப்சிஸ் ஒன்று பூத்து நின்றது. விளக்கும் இல்லை, அலுமினியமும் இல்லை.

“நீர் வெளிச்சம் கொடுத்தீர், குளிர் கொடுத்தீரா?” என்றார்.

விஷயம் இதுதான். ஃபெலனாப்சிஸ் வளர்வதற்கு வெப்பம் வேண்டும். பூப்பதற்குக் குளிர்ச்சி வேண்டும். வெப்பம் 28 பாகைக்கு மேலேயே நின்றால் அது இலைமேல் இலையாக விடுமேயன்றிப் பூத்தண்டை எடுக்காது. 25 பாகையளவிலோ அதற்குக் கீழோ சில வாரங்கள் இருந்தால், உறங்கிக் கிடந்த கணு விழித்துத் தண்டாகிறது. ஐயாயிரம் அடி உயரத்தில் அக்குளிர் தானே வாய்க்கிறது. தாம்பரத்தில் அதற்கு வாய்ப்புள்ள காலம் மழைக்காலத்தின் பின்பாதியும் மார்கழி, தையும் மட்டுமே. அக்குறுகிய காலத்தையும் முந்தைய ஆண்டு நாம் கெடுத்திருந்தோம். கொசுவுக்கு அஞ்சிச் சன்னல்களை இரவில் அடைத்தோம். விளக்கோ பகல் முழுவதும் தட்டைச் சூடேற்றியது. பின்னர் வெப்பமானி வைத்துப் பார்த்தபோது, வெளியே இருப்பதைவிட இலைமட்டத்தில் மூன்று பாகை கூடவே இருந்தது. ஒளி கொடுத்த கையே குளிரைத் தட்டிப் பறித்திருக்கிறது.

2024 நவம்பர் இறுதியில் தம்பியும் நாமும் அமர்ந்து ஆலோசித்தோம். அலமாரியை வடக்குச் சன்னலருகே நகர்த்தினோம். சன்னலுக்குக் கொசுவலை அடித்து இரவு முழுவதும் திறந்துவைத்தோம். விளக்குத் தட்டை அரையடி உயர்த்தினோம். ஒளி சற்றுக் குறைந்தாலும் பாதகமில்லை. பழைய மேசை விசிறி ஒன்று இலைகளின் மேல் மெல்ல வீசியது. விளக்கு எரியும் நேரத்தையும் மாற்றினோம். பிற்பகல் வெப்பத்தின்போது விளக்கின் சூடும் சேராதிருக்க, விடியற்காலை நான்கு முதல் மாலை நான்குவரை. நாம் எழுவதும் நான்கு மணிக்கே. மார்கழி இருளில் கண் விழித்ததும் அடுத்த அறையில் சொடுக்கி ‘டக்’கென்று விழும் ஒலி கேட்கும். இரவில் வெப்பமானி 23-க்கு இறங்கியது; மழை பெய்த நாள்களில் பகலிலும் 26-ஐத் தாண்டவில்லை. அதைப் பார்த்தபோது, அவ்வாண்டின் மழையைச் சபிக்காத ஒரே தாம்பரத்தார் நாமாகத்தான் இருப்போம்.

2025 சனவரி மூன்றாம் வாரத்தில், கீழிலை ஒன்றின் கணுவில் பச்சை முனை தலைகாட்டியது. வேர் என்றே எண்ணினோம். பலமுறை அவ்வாறு ஏமாந்தவர்களாயிற்றே. வேரின் நுனி உருண்டு மழுங்கியிருக்கும். பூத்தண்டின் நுனி தட்டையாய், சிறு குழந்தையின் கையுறைபோல ஒரு பக்கம் மடிந்திருக்கும். தம்பி கைப்பேசியில் படமெடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தான். வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.

“தண்டுதான் ஃபாதர்.”

டீச்சரம்மாவிடம் சொல்வதா? மொட்டு வைப்பதற்கு முன் தண்டு கருகுவதும் உண்டு என்று படித்திருந்தோம். அந்த மாத அழைப்பில், “நலமாயிருக்கிறது” என்றே கூறினோம். இம்முறை நம் குரலே நம்மைக் காட்டிக்கொடுத்திருக்க வேண்டும். மறுமுனையில் சிறிது நேரம் அமைதி. பிறகு, மார்ச்சில் திரும்புவதாகச் சொல்லி வைத்துவிட்டார்.

மற்றொரு ஃபெலனாப்சிஸ் தண்டு விடவில்லை, ஏனென்று விளங்கவில்லை. இதுவோ வாரந்தோறும் நீண்டது. மார்ச் மூன்றாம் வாரம் அவர் ஆட்டோவில் வந்து இறங்கியபோது, ஒன்றரையடித் தண்டில் ஏழு மொட்டுகள் வரிசையிட்டிருந்தன. அடியிலிருந்த மொட்டு சுண்டைக்காயளவு பருத்து வெளுக்கத் தொடங்கியிருந்தது.

டீச்சரம்மா வாசிப்பறை வாசலிலேயே நின்றார். செடியை அன்று, முதலில் விளக்கைத்தான் நிமிர்ந்து பார்த்தார்.

“இவ்வளவு வெளிச்சமா குடுத்தீங்க?”

மின்கட்டணம் எவ்வளவு ஆயிற்று என்று கேட்டார். சொல்ல மறுத்தோம். கணக்கு ஆசிரியையல்லவா, தட்டின் நீள அகலத்தையும் வரிசைகளையும் பார்த்து, மாதத்திற்குச் சற்றேறக்குறைய எவ்வளவு என்று அவரே மனக்கணக்காய்ச் சொல்லிவிட்டார். அதன்பின் மண்டியிடுவதுபோல் குனிந்து, பழைய சுட்ட இலை இருந்த இடத்தைத் தடவிப் பார்த்தார். அது விழுந்து ஓராண்டாகியிருந்தது. அதன் கதையைச் சொன்னோம். பாஸ்காவிற்குப் பீடத்தில் வைக்கலாமே என்று கோயில்பிள்ளை அருகில் நின்று மெல்லக் கேட்டார், டீச்சரம்மா விடை சொல்லவில்லை, நாமும் வற்புறுத்தவில்லை.

தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினார். தண்டு அசையாதிருக்கத் தம்பி ஒரு மூங்கிற் குச்சியைக் கட்டிக் கொடுத்து, தானும் முன்னிருக்கையில் ஓட்டுநருக்குப் பக்கத்தில் தொற்றிக்கொண்டான். அந்த முன்னறை மேசை தெருப்பக்கச் சன்னலை ஒட்டியது. மே வரையில் விளக்கு தேவைப்படாது என்பது அவன் கணிப்பு.

ஏப்ரல் தொடக்கத்தில் நம் கைப்பேசிக்கு ஒரு படம் வந்தது. முதல் மலர் விரிந்திருந்தது. படத்தின்கீழ் டீச்சரம்மா எழுதியிருந்தார்: “ஆறு இருக்கு சாமி. நுனியில இருந்த சின்ன மொட்டு ஆட்டோ ஆட்டத்துலயே உதிர்ந்துடுச்சு. தம்பிகிட்ட சொல்லாதீங்க, மனசு கஷ்டப்படுவான்.”